ஸ்டாண்டர்டு ஹெரால்டு: ஸ்போர்ட்ஸ் கார் மரபில் வந்த குடும்பக் கார்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரிக்கப்பட்ட கார் ஆகும். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு காரின் இந்திய வடிவம் இது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேஸிஸையும் எஞ்சினையும் அடிப்படையாகக் கொண்டு உருவானது. இங்கிலாந்தில் ஓய்வுநாள் உலாவுக்கு உகந்ததாகக் கருதப்பட்ட அதே இயந்திர அமைப்பு, தமிழ்நாட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், அலுவலகம் செல்லவும், குடும்பத்தோடு கோயிலுக்குப் போகவும் பயன்பட்டது. அந்த அன்றாடப் பயன்பாட்டின் தேவைகள் காரின் வடிவத்தையே மாற்றின. எஞ்சியுள்ள ஹெரால்டுகளை இன்றும் அன்றாடம் ஓட்டலாமா என்பது சட்டமும் தொழில்நுட்பமும் சேர்ந்து எழுப்பும் கேள்வியாக உள்ளது.

ஹெரால்டு உருவான பின்னணி

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இயங்கிய ஸ்டாண்டர்டு நிறுவனம், 1940களின் நடுவில் டிரையம்ஃப் நிறுவனத்தை வாங்கியது. 1950களின் இறுதியில் அது ஒரு புதிய சிறிய காரை உருவாக்க முனைந்தது. அக்காலத்தில் சேஸிஸும் உடலும் ஒன்றாக இணைந்த கட்டமைப்பே பரவி வந்தது. ஆனால் ஸ்டாண்டர்டுக்குக் கார் உடல் செய்து கொடுத்து வந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனம், போட்டி நிறுவனமான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விட்டது. எனவே தனிச் சேஸிஸ் ஒன்றைச் செய்து, உடலைப் பல துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் செய்வித்து, போல்ட் போட்டு இணைப்பது என்று ஸ்டாண்டர்டு முடிவு செய்தது.

காரின் தோற்றத்தை வடிவமைத்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவான்னி மிக்கெலோட்டி. 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது. அதன் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

எஞ்சின்: 948 சி.சி., நான்கு சிலிண்டர், சுமார் 35 குதிரைத்திறன்.
நீளம்: சுமார் 3.89 மீட்டர். அகலம்: சுமார் 1.52 மீட்டர்.
திரும்பும் வட்டம்: சுமார் 7.6 மீட்டர்.
பானெட்: மட்கார்டுகளோடு சேர்ந்து முழு முன்பக்கமும் முன்நோக்கிக் கவிழ்ந்து திறக்கும்.
பின்சக்கரங்கள்: தனித்தனியே அசையும் ஸ்விங் ஆக்ஸில், குறுக்கே வைத்த ஒரே லீஃப் ஸ்பிரிங்.

துண்டு துண்டாகச் செய்து இணைக்கும் முறை நெருக்கடியால் பிறந்த ஏற்பாடு. எனினும் பெரிய அச்சு எந்திரங்களுக்கு முதலீடு செய்ய இயலாத நாடுகளுக்கு அது மிகவும் வசதியாக அமைந்தது. பாகங்களைப் பெட்டியில் அனுப்பி, அங்கேயே பூட்டி விற்க முடிந்தது. அத்தகைய நாடுகளில் ஒன்று இந்தியா.

வண்டலூர் தொழிற்சாலை

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா லிமிடெட் என்ற நிறுவனம், யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் கோவென்ட்ரி ஸ்டாண்டர்டு நிறுவனமும் சேர்ந்து 1940களின் இறுதியில் தொடங்கியதாகும். முதலில் வான்கார்டு, பின்னர் ஸ்டாண்டர்டு டென், பென்னண்ட் ஆகிய கார்கள் இங்கு உருவாயின.

விடுதலைக்குப் பிந்தைய இந்திய அரசு, பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்பதோடு நின்றுவிடாமல் உள்நாட்டிலேயே பாகங்களையும் செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியது. 1953இல் சுங்கவரி ஆணையம் தந்த பரிந்துரைக்குப் பின், அத்தகைய திட்டம் இல்லாத ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு போன்ற நிறுவனங்கள் நாட்டை விட்டு வெளியேறின. கார் சந்தை கல்கத்தா அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று மூன்று நிறுவனங்களிடம் வந்து சேர்ந்தது. இந்துஸ்தானின் அம்பாசிடர், பிரீமியரின் ஃபியட், ஸ்டாண்டர்டின் ஹெரால்டு ஆகியவையே 1960களில் சாதாரணமாகக் கிடைத்த கார்கள்.

இதன் விளைவாக, வேகத்தில் ஆர்வமுள்ள இந்தியர் ஒருவருக்கு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் எட்டாக் கனியாக இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடும் வரியும் அதைத் தடுத்தன. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. அங்கு ஃபியட், ஹெரால்டு போன்ற குடும்பக் கார்களும் மாற்றி அமைக்கப்பட்டு ஓடின. அக்காலத் தமிழ்நாட்டில் குடும்பக் காரும் ஸ்போர்ட்ஸ் காரும் பெரும்பாலும் ஒரே வண்டியாகவே இருந்தன.

ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும்

1962இல் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் வெளியானது. ஹெரால்டின் சேஸிஸில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் குறைக்கப்பட்டது. எஞ்சின் 1147 சி.சி.யாகப் பெரிதாக்கப்பட்டு, இரட்டைக் கார்புரேட்டருடன் 63 குதிரைத்திறன் தந்தது. உடலை வடிவமைத்தவர் மிக்கெலோட்டியே. ஸ்டியரிங் அமைப்பு, முன் சஸ்பென்ஷன், பின் ஸ்விங் ஆக்ஸில், முன்நோக்கிக் கவிழும் பானெட் ஆகியவை ஹெரால்டின் வழியில் வந்தவை. ஸ்பிட்ஃபயர் 1980 வரை தயாரிக்கப்பட்டது.

எனவே ஹெரால்டை ஓட்டியவருக்கு ஸ்போர்ட்ஸ் காரின் வேகம் கிடைக்கவில்லை. ஆனால் அதன் துல்லியமான ஸ்டியரிங், தாழ்ந்த இருக்கை, சட்டெனத் திரும்பும் இயல்பு ஆகியவை கிடைத்தன.

கடலூர்–சிதம்பரம் சாலையில் கார்

1960களில் கடலூர், தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றங்களும் இயங்கின. தெற்கே சிதம்பரத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், மேற்கே நெய்வேலியில் 1956இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனம், நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை ஆகியவை இருந்தன. வழக்கறிஞர், மருத்துவர், பேராசிரியர், பொறியாளர், ஆலை அதிகாரி, பெருநிலக்கிழார் என்று கார் வாங்கக்கூடிய சிறு வட்டம் இத்தகைய இடங்களைச் சுற்றியே அமைந்திருந்தது. வண்டலூரிலிருந்து திண்டிவனம் வழியாகக் கடலூருக்கு வந்துவிடலாம் என்பதால், கார் பிறந்த இடமும் தொலைவில் இல்லை.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் செல்லும் இச்சாலை கடற்கரையை ஒட்டிய தாழ்நிலத்தில் அமைந்தது. சிதம்பரத்துக்கு முன் வெள்ளாற்றைக் கடக்க வேண்டும். இன்று தேசிய நெடுஞ்சாலை 32இன் பகுதியாக உள்ள இது, அக்காலத்தில் குறுகலான சாலை. மாட்டு வண்டியும் சைக்கிளும் பேருந்தும் பகிர்ந்துகொண்ட பாதை. அறுவடைக் காலத்தில் நெல்லும் வைக்கோலும் சாலையிலேயே காயும். வடகிழக்குப் பருவமழையில் ஓரங்கள் அரித்துப் பள்ளம் விழும்.

இத்தகைய சாலையில் ஹெரால்டின் குணங்கள் சில நன்மையாயின; சில தொல்லையாயின.

நன்மைகளில் முதலாவது திரும்பும் வட்டம். 7.6 மீட்டருக்குள் திரும்பக்கூடிய கார், சிதம்பரம் சன்னதித் தெருக்களிலும் கடலூர் முதுநகரின் கடைத்தெருவிலும் பின்னுக்கு வாங்கி மல்லுக்கட்ட வேண்டிய தேவையைக் குறைத்தது. அடுத்தது பழுதுபார்க்கும் எளிமை. முன்பக்கம் முழுவதும் கவிழ்ந்து திறப்பதால், மெக்கானிக் முன் டயரின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் வேலை செய்யலாம். உடல் துண்டுகளாக இணைந்திருப்பதால் நசுங்கிய பகுதியை மட்டும் கழற்றி டிங்கரிங் பட்டறைக்கு அனுப்பலாம்.

தொல்லைகளில் முதன்மையானது ஸ்விங் ஆக்ஸில். இதில் ஒவ்வொரு பின் சக்கரமும் நடுவிலுள்ள டிஃபரென்ஷியலை மையமாகக் கொண்டு மேலும் கீழும் ஊசலாடும். ஓட்டுநர் மட்டும் சென்றால் சக்கரங்கள் ஏறக்குறைய நேராக நிற்கும். பின் இருக்கையில் பெரியவர் மூவர் அமர்ந்து, டிக்கியில் அரிசி மூட்டையும் ஏறினால், ஸ்பிரிங் தாழ்ந்து இரு சக்கரங்களின் மேற்பகுதியும் உள்நோக்கிச் சாயும். டயரின் உள்விளிம்பு விரைவில் தேயும். பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸில் இணைப்புகளுக்கும் அடி விழும். காலியாகச் செல்லும்போது வேறு ஆபத்து. வளைவில் வேகமாகத் திரும்பி, திடீரென ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின் சக்கரம் காருக்கடியில் மடங்க முயலும். பின்பகுதி விலகி ஓடும். ஸ்பிட்ஃபயரிலும் இதே குறை இருந்தது. ஆனால் அதில் இருவர்தான் பயணம் செய்வர். இந்தியக் குடும்பம் ஒரு காரில் எத்தனை பேர் ஏறும் என்பதை அந்த வடிவமைப்பு கணக்கில் கொள்ளவில்லை.

இரண்டாவது தொல்லை கதவு. தொடக்கக் கால ஹெரால்டுக்கு இரண்டு கதவுகளே உண்டு. பின் இருக்கைக்குச் செல்ல முன் இருக்கையை மடக்கி, குனிந்து உள்ளே நுழைய வேண்டும். இளைஞருக்கு இது பெரிய காரியமன்று. புடவை உடுத்திய பெண்களுக்கும், முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கும், கைக்குழந்தையோடு ஏறுபவர்களுக்கும் ஒவ்வொரு முறையும் இது ஒரு சிரமம். அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் நான்கு கதவுகள் இருந்தன.

குடும்பத் தேவைகள் உண்டாக்கிய மாற்றங்கள்

இரண்டு கதவுக் கார், நான்கு கதவுப் போட்டியாளர்கள் முன் சந்தையில் தடுமாறியது. எனவே 1960களின் பிற்பகுதியில் வண்டலூர் தொழிற்சாலை நான்கு கதவு ஹெரால்டை உருவாக்கியது. இங்கிலாந்தில் இப்படியொரு ஹெரால்டு விற்கப்படவே இல்லை. இது இந்தியாவுக்கு மட்டுமே உரியது. பின்புறம் சரக்கு வைக்க வசதியுள்ள ஸ்டாண்டர்டு கம்பானியன் என்ற எஸ்டேட் வகையும் வந்தது.

இங்கிலாந்தில் 1971இல் ஹெரால்டு நிறுத்தப்பட்டது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அதுவரை உருவாகியிருந்தன. அதையொட்டிய ஆண்டுகளில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு கெஸல் என்ற கார் அறிமுகமானது. முன்புறமும் பின்புறமும் உள்நாட்டிலேயே மாற்றி வடிவமைக்கப்பட்டன. ஸ்விங் ஆக்ஸில் நீக்கப்பட்டு, இரு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் சாதாரண ஆக்ஸில் பொருத்தப்பட்டது. கவிழ்ந்து திறக்கும் முன்பக்கமும் போய், மற்றக் கார்களைப் போன்ற பானெட் வந்தது. எஞ்சின் மட்டும் அதே 948 சி.சி. ஆகவே தொடர்ந்தது. கெஸல் 1977 வரை குறைந்த எண்ணிக்கையில் தயாரானது.

ஹெரால்டிலிருந்து கெஸல் வரையிலான மாற்றங்களை வரிசையாகப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். இரண்டு கதவு, ஸ்விங் ஆக்ஸில், கவிழும் முன்பக்கம் ஆகிய மூன்றுமே ஸ்பிட்ஃபயரோடு இருந்த உறவின் அடையாளங்கள். மூன்றும் ஒவ்வொன்றாக நீங்கின. பத்தாண்டுக் காலம் குடும்பங்களின் அன்றாட வாழ்வில் உழைத்த கார், அந்த வாழ்வுக்கு ஏற்ப மாறிப்போனது. அதே வேளையில் அதன் தனித்தன்மையும் பெருமளவு கரைந்தது.

ஸ்டாண்டர்டு 2000

அந்நிறுவனம் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை வெளியிட்டது. இதன் உடல், 1977ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது பெற்ற ரோவர் எஸ்டி1 காருடையது. இங்கிலாந்தில் அது 3.5 லிட்டர் வி8 எஞ்சினுடன் காவல்துறையாலும் பயன்படுத்தப்பட்ட வேகமான கார். இந்தியாவில் அதற்குள் வைக்கப்பட்டது பழைய வான்கார்டு வழிவந்த 1991 சி.சி. எஞ்சின். அந்த எஞ்சின் குடும்பமும் ஒரு காலத்தில் டிரையம்ஃப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டியதுதான். ஆனால் 1950களின் எஞ்சின் 1980களின் கனமான உடலை இழுக்கச் சிரமப்பட்டது. விலையும் பெட்ரோல் செலவும் அதிகம். 1983இல் வந்த மாருதி 800 மக்களின் எதிர்பார்ப்பையே மாற்றிவிட்டது. 1988இல் ஸ்டாண்டர்டு 2000 தயாரிப்பு நின்றது. அதோடு அந்தச் சென்னைக் கார் நிறுவனத்தின் கதையும் முடிந்தது.

பழைய காரை அன்றாடம் ஓட்டுவதில் உள்ள சிக்கல்கள்

கடைசி கெஸல் வெளிவந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. எஞ்சியுள்ள கார் ஒன்றைக் கடலூர் போன்ற கடற்கரை நகரில் அன்றாடம் ஓட்டுவதற்கு ஐந்து தடைகள் உள்ளன.

முதலாவது உப்புக்காற்று. ஹெரால்டின் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் உடலைத் தாங்குகின்றன. அவற்றில் ஈரமும் மண்ணும் தங்கினால் உள்ளிருந்தே துரு அரிக்கும். வெளியே வர்ணம் பளபளத்தாலும் உள்ளே இரும்பு செதில் செதிலாக உதிர்ந்திருக்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2015 இறுதியில் பெருவெள்ளமும் கடலூர் மாவட்டத்தைத் தாக்கின. இத்தகைய வெள்ளத்தில் ஒருமுறை நின்ற பழைய காரை மீட்பது கடினம். ஐந்து ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கும் வழக்கொழிந்த மாடல்களுக்கும் காப்பீட்டு மதிப்பு என்பது நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வதாகும். எனவே முழு இழப்பீடு கிடைக்கும் என்று எண்ண இயலாது.

இரண்டாவது எரிபொருள். ஹெரால்டு எஞ்சின், ஈயம் கலந்த பெட்ரோலுக்காக உருவானது. ஈயம் வால்வு இருக்கைகளின் தேய்மானத்தைத் தடுத்தது. 2000ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. உடல்நலத்துக்கு இது பெரும் நன்மை. ஆனால் பழைய சிலிண்டர் ஹெட்டில் கடினப்படுத்தப்பட்ட வால்வு இருக்கைகளைப் பொருத்த வேண்டியதாயிற்று. இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவியுள்ளது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கும். கார் நாள்கணக்கில் நின்றால் தொட்டியிலும் கார்புரேட்டரிலும் தொல்லை கூடும். அன்றாடம் ஓடும் பழைய காருக்கு இந்த ஒரு விதத்தில் நன்மையே. அதில் பெட்ரோல் தேங்கி நிற்பதில்லை.

மூன்றாவது உதிரிபாகம். சென்னை புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு கடைகளில் தேடலாம். ஸ்பிட்ஃபயருக்கு இங்கிலாந்தில் இன்றும் ஆர்வலர் கூட்டம் பெரிது. அவர்களுக்காகப் புதிதாகச் செய்யப்படும் பாகங்களில் பல ஹெரால்டுக்கும் பொருந்தும். ஸ்போர்ட்ஸ் காரான உடன்பிறப்பின் புகழ், குடும்பக் காரை உயிரோடு வைத்திருக்க உதவுகிறது. இந்தியாவுக்கே உரிய நான்கு கதவு உடலுக்கும் கெஸலின் முன்பக்கத்துக்கும் இந்த வசதி இல்லை.

நான்காவது கைத்திறன். கான்டாக்ட் பாயின்ட் இடைவெளியை வைப்பது, கார்புரேட்டரைச் சரிசெய்வது, டைனமோவைப் பழுது பார்ப்பது ஆகியவை காது, கண், விரல் ஆகியவற்றின் அனுபவத்தால் வருபவை. கணினி இணைத்துக் குறையறியும் இன்றைய பட்டறையில் இவற்றுக்கு இடமில்லை. மூத்த மெக்கானிக்குகள் ஓய்வு பெறும்போது அவர்களோடு இந்த அறிவும் போய்விடுகிறது.

ஐந்தாவது பாதுகாப்பு. முதலிரண்டு தடைகளுக்கும் பணம் தீர்வாகலாம், இதற்கு அப்படியன்று. ஹெரால்டின் பிரேக்குகள் டிரம் வகை. காற்றுப்பை இல்லை. மோதலின் விசையை உள்வாங்கி மடங்கும் உடல் அமைப்பு இல்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ அணிந்து பயணிக்க வேண்டும் என்கிறது. சீட் பெல்ட் இல்லாமல் உருவான காரில் உறுதியான இடம் பார்த்து அதைப் பொருத்துவது தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. 1960களில் மாட்டு வண்டியோடு பகிர்ந்துகொண்ட சாலையில் இன்று விரைவுப் பேருந்தும் கனரக லாரியும் ஓடுகின்றன. கார் மாறவில்லை, அதைச் சூழ்ந்த வேகம் மாறிவிட்டது.

சட்டத்தின் நிலை

சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். தில்லியில் இருப்பது போல, வயதை மட்டும் காரணமாக்கிச் சொந்தக் கார்களை விலக்கும் பொதுத் தடை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் செலவு கூடியுள்ளது. 600 ரூபாயாக இருந்த புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக உயர்ந்தது.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வண்டிகள் ‘விண்டேஜ்’ பதிவு பெறலாம். புதிதாகப் பதிவு செய்தால் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட எண் தரப்படும். ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இப்பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். இதற்கு இரண்டு நிபந்தனைகள் முக்கியமானவை. சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் ஓட்டலாம்.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இந்த விதியை எளிதில் விளக்கலாம். நடராசர் கோயிலின் ஐந்து தேர்களும் ஆனியிலும் மார்கழியிலும் மட்டுமே நான்கு வீதிகளையும் வலம் வருகின்றன. மற்ற நாள்களில் நிலையில் நிற்கின்றன. விண்டேஜ் பதிவு காரையும் தேராக்கிவிடுகிறது. விழா நாளில் மட்டும் வெளியே வரும்.

1971 வரை பதிவான ஹெரால்டுகள் அனைத்தும் இன்று 50 ஆண்டைக் கடந்தவை. அவற்றின் உரிமையாளர் முன் இரண்டு வழிகள் உள்ளன. விண்டேஜ் பதிவு பெற்றால் காருக்கு மரபுச் சின்னம் என்ற தகுதி கிடைக்கும்; அன்றாட ஓட்டம் நிற்கும். சாதாரணப் பதிவைப் புதுப்பித்தால் ஓட்டம் தொடரும்; ஒவ்வொரு ஐந்தாண்டும் தகுதிச் சோதனையும் கட்டணமும் காத்திருக்கும். மூன்றாவது வகையினரும் உள்ளனர். உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் வேறு காரின் எஞ்சினைப் பொருத்தி வண்டியை ஓட வைத்தவர்கள் அவர்கள். அசல் நிலையில் இல்லை என்பதால் அந்தக் கார்களுக்கு விண்டேஜ் தகுதி கிடைக்காது. விடாமல் ஓட்டிக் காரைக் காப்பாற்றிய குடும்பத்துக்கு மரபுத் தகுதி இல்லை. கொட்டகையில் நிறுத்தி வைத்த குடும்பத்துக்கு உண்டு.

மதிப்பீடு

ஹெரால்டு சிறந்த ஸ்போர்ட்ஸ் காரும் அன்று. குறையற்ற குடும்பக் காரும் அன்று. எனினும் தமிழ்நாட்டின் கார் தொழில் வரலாற்றில் அதற்கு உரிய இடம் உண்டு. ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் பன்னாட்டு நிறுவனங்கள் வருவதற்கு முன்பே, இத்தாலியர் வரைந்து ஆங்கிலேயர் செய்த காரைத் தமிழகத் தொழிலாளர்கள் பிரித்துப் பார்த்து, உள்ளூர்த் தேவைக்கேற்ப மாற்றி அமைத்தனர். கூடுதலாக இணைத்த இரண்டு கதவுகளும், மாற்றிப் பொருத்திய ஆக்ஸிலும் அந்த உழைப்பின் சான்றுகள். பழைய கார் கண்காட்சிகளில் ஹெரால்டைக் காணும் மாணவர்கள், அதற்கு எத்தனை கதவுகள் உள்ளன என்று முதலில் எண்ணிப் பார்க்கலாம். நான்கு கதவுகள் இருந்தால் அது இங்கிலாந்தில் பிறக்காத, வண்டலூரில் மட்டுமே உருவான கார் ஆகும்.